வெயிலும் பேட்டரிக் கட்டையும்

டார்ச் லைட் மங்கினால் கட்டைகளைக் கழற்றி வெயிலில் போடுவது ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு நடந்த வைத்தியம். கொட்டிவாக்கத்தில் பங்களாக்கள் நெருங்குவதற்கு முன், சவுக்கும் மணலுமாகக் கிடந்த மனைகளுக்கு நடுவே குடியேறியவர்களுக்கு ராத்திரிக் காவல் என்பது ஒரு நாயும் மூன்று கட்டை டார்ச்சும்தான். மத்தியானம் முழுக்கக் கைப்பிடிச் சுவரில் காய்ந்த கட்டை, அன்றிரவு இன்னும் கொஞ்சம் எரியும். பிரமை இல்லை. துத்தநாகக் கூடும் நடுவில் கரிக்குச்சியுமாக இருந்த அந்தக் கட்டைக்குள் சூடு ஏறினால் மந்தமாகிப்போன வேதிவினை சற்று வேகம் பிடிக்கும். அதுவும் செத்தபின் உடைத்துக் கரிக்குச்சியை எடுத்துக்கொள்வார்கள் பையன்கள். சுவரில் ஸ்டம்ப் வரைய அதைவிட வாகானது கிடையாது.

பிறகு கூர்க்காவின் விசில் வந்தது, போயிற்று. 2011இல் ஊர் சென்னை மாநகராட்சிக்குள் வந்தது. அடுத்த ஆண்டு தினம் இரண்டு மணி நேர மின்வெட்டு. இன்வெர்ட்டர் பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுவது வீட்டு வேலைகளில் ஒன்றானது. 2017இல் ஏ.கே.விசுவநாதன் காவல் ஆணையராக வந்தபின் ‘மூன்றாவது கண்’ என்று நகரம் முழுக்கக் கேமராக்கள் முளைத்தன. ஒயர் போட்ட கேமராவுக்குக் கரண்ட்டும் வேண்டும், டி.வி.ஆர். பெட்டியும் வேண்டும். 2016 டிசம்பர் 12 வர்தா புயலுக்குப் பின் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தவர்களுக்கு அதன் பலவீனம் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

இப்போது காம்பவுண்ட் சுவரில் உட்கார்ந்திருப்பது ஒயரில்லாக் கேமரா, உள்ளே லித்தியம் பேட்டரி, அதற்குச் சார்ஜ் ஏற்ற ஒரு சோலார் தகடு. கேமராவின் கையேட்டைப் புரட்டினால் குளிரைப் பற்றித்தான் பெரிய எச்சரிக்கை: பூஜ்யம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றாதீர்கள். சென்னையில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 1905 ஜனவரியில் 13.9 டிகிரி. நமக்கு எதிரி மறுமுனையில் இருக்கிறது. 2003 மே 31 அன்று இங்கே 45 டிகிரி. அது நிழலின் கணக்கு. வெயில் நேரே படும் பிளாஸ்டிக் கூட்டுக்குள் சூடு இன்னும் ஏறும். இந்த வகை பேட்டரி பெரும்பாலும் 45 டிகிரி வரைதான் சார்ஜ் வாங்கும். அதற்கு மேல் போனால் உள்ளிருக்கும் பாதுகாப்புச் சுற்று ‘போதும்’ என்று கதவைச் சாத்திவிடும். அக்னி நட்சத்திரத்தில் சோலார் தகடு தகதகவென்று காய, சார்ஜ் மட்டும் ஏறாமல் நிற்பதன் ரகசியம் இதுதான். முழு சார்ஜும் கடும் சூடும் சேர்ந்திருக்கும் ஒவ்வொரு மத்தியானமும் பேட்டரியின் ஆயுளிலிருந்து கொஞ்சம் கழியும். கட்டைக்கு உயிர் கொடுத்த அதே வெயில்!

ஆகவே தகடு வெயிலில், கேமரா சன் ஷேடுக்குக் கீழே. தகடும் கேமராவும் ஒரே உடம்பாக வரும் மாடல் இந்த ஊருக்கு லாயக்கில்லை என்பது என் கட்சி. வடக்குச் சுவர் எப்போதும் நிழல் என்று நம்பியும் மாட்டக்கூடாது. ஏப்ரல் கடைசி முதல் ஆகஸ்ட் நடு வரை உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே நகர்ந்துவிடுகிறது. தகட்டைத் தெற்கு பார்த்துச் சற்றே சாய்த்து வைத்தால் ஐப்பசி, கார்த்திகையில் மேகம் விலகும் நேரத்து வெளிச்சத்தையாவது பிடிக்கும். அந்த மழைதான் தகட்டில் படிந்த உப்பையும் காக்கை எச்சத்தையும் கழுவும். மற்ற மாதங்களில் நல்ல தண்ணீரில் நனைத்த துணிதான் கதி. கடற்காற்று சார்ஜ் துளைக்குள் புகுந்தால் பச்சை பூத்துவிடும். அதன் ரப்பர் மூடியைத் தொலைத்தவர் கேமராவையும் தொலைத்தவர்.

பேட்டரி சீக்கிரம் இறங்குகிறது என்று புலம்புகிறவர்கள் கேமரா எதைப் பார்க்கிறது என்று முதலில் கவனிக்கலாம். சூடான எதுவும் நகர்ந்தால் சென்சார் விழித்துக்கொள்ளும்: தெருநாய், பஸ், வெயிலில் காய்ந்து ஆடும் தென்னை மட்டை. ஒவ்வொரு விழிப்புக்கும் ஒரு வீடியோ, அதை அனுப்ப வைஃபை. ரூட்டர் தூரத்தில் இருந்தால் செலவு இன்னும் கூடும். ஆனால் மே மாதப் பகலில் சுவரும் மனித உடம்பும் ஏறத்தாழ ஒரே சூட்டில் இருக்கையில், ஆளே வந்தாலும் சென்சார் தூங்கக்கூடும். கேமராவைச் சாலையிலிருந்து திருப்பி வாசல் கேட்டை மட்டும் பார்க்க வைத்தால் பேட்டரியும் நிற்கும், எதிர்வீட்டுக்காரரோடு சிநேகமும் நிற்கும்.

2023 டிசம்பர் மிக்ஜாம் மாதிரி ஒரு புயல் வந்தால் கேமரா ஓடிக்கொண்டிருக்கும், ரூட்டர் செத்திருக்கும், போனுக்கு எதுவும் வராது. ரூட்டருக்கென்று ஒரு சின்ன யு.பி.எஸ்., கேமராவுக்குள் மெமரி கார்டு, இரண்டும் இருந்தால் சமாளிக்கலாம். மாதக்கணக்கில் வீட்டைப் பூட்டிக்கொண்டு மகன் வீட்டுக்கு அமெரிக்கா போகிறவர்கள், மாற்று பேட்டரியை முழுக்க ஏற்றி அலமாரியில் வைக்காமல், பாதி சார்ஜில் குளுமையான இடத்தில் வைத்துவிட்டுப் போகலாம். உப்பிய பேட்டரியை மட்டும் பையன்கள் கையில் கொடுக்கக்கூடாது. உடைத்தால் கரிக்குச்சி கிடைக்காது, தீப்பிடிக்கும். குப்பைத் தொட்டியிலும் போடவேண்டாம். 2022இல் வந்த மத்திய அரசின் பேட்டரிக் கழிவு விதிகள், தயாரித்தவரே திரும்ப வாங்கும் பொறுப்பை ஏற்கவேண்டும் என்கின்றன.