கேமராவுக்குக் கீழே மூன்று விரற்கடை

1902ஆம் ஆண்டில், தென்னார்க்காடு கலெக்டர் அலுவலகத்தில் வருவாய்த் துறை வேலையில் இருந்த சிவப்பிரகாசம் பிள்ளை, அலுவலாகத் திருவண்ணாமலைக்கு வந்தார். மலைமேல் விரூபாட்ச குகையில் இருந்த இளம் துறவி ரமணரைப் போய்ப் பார்த்தார். ரமணர் அந்தக் காலத்தில் பேசுவதில்லை. கேட்ட கேள்விகளுக்கெல்லாம் எழுதியே பதில் சொன்னார். அந்தப் பதில்கள்தான் பின்னால் ‘நான் யார்?’ என்ற சிறு நூலாயின. வாய் திறக்காமலே ஒருவர் இன்னொருவருக்கு வழிகாட்ட முடியும் என்பது இந்த ஊருக்குப் பழகிய செய்தி. ரமணரிடம் வந்து போனவர்கள் பெரும்பாலும் எழுதி வைத்திருப்பது அவர் சொன்னதைப் பற்றி மட்டுமல்ல. அவர் பார்த்த பார்வையையும், அவர் எதிரே பேசாமல் உட்கார்ந்திருந்த பொழுதுகளையும் பற்றியும்தான்.

பார்வை, மௌனம். வீடியோ கால் கைவைப்பது சரியாக இந்த இரண்டின்மேல்தான்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது பௌர்ணமி கிரிவலம் நின்றது, வெளிநாட்டு விமானங்கள் நின்றன. ரமண நகரிலும் செங்கம் சாலைப் பக்கத்திலும் யோகா, தியானம், வேதாந்தம் என்று சொல்லிக்கொடுத்து வந்தவர்கள் மடிக்கணினிக்கு முன் வந்து உட்கார்ந்தார்கள். ஊரடங்கு முடிந்தது, அந்த வகுப்புகள் முடியவில்லை. குளிர்காலத்தில் நேரில் வந்து போகும் மாணவர், மற்ற மாதங்களில் திரையில் தொடர்கிறார். நேரில் வளர்ந்த உறவு திரையில் வாடாமல் இருக்க வேண்டுமானால், நடுவில் இருக்கும் கருவி என்ன செய்கிறது என்பது சொல்லிக்கொடுப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

முதலில் படம். ஒரு சாதாரண எச்.டி. படத்தில் சுமார் 9.2 லட்சம் புள்ளிகள். விநாடிக்கு 30 படங்கள். அப்படியே அனுப்பினால் விநாடிக்கு 660 மெகாபிட்டுக்கு மேல் வேண்டும். சாதாரண வீட்டு இணைப்பு தாங்காது. இதற்கு வழி சொன்னவர் பெங்களூரில் பிறந்த நசீர் அகமது. அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது, 1972இல், தம் யோசனைக்கு அந்நாட்டு தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் நிதி கேட்டார். கிடைக்கவில்லை. விடாமல் தம் மாணவர் நடராஜனோடும் நண்பர் கே.ஆர்.ராவோடும் சேர்ந்து செய்துமுடித்து 1974 ஜனவரியில் வெளியிட்டார். படத்தை எட்டுக்கு எட்டு புள்ளி கொண்ட கட்டங்களாக வெட்டு. ஒவ்வொரு கட்டத்தையும் 64 அடிப்படைக் கோலங்களின் கலவையாக எழுது. கண்ணுக்கு எளிதில் தெரியாத நுண்கோலங்களைத் தள்ளிவிடு. அவர்கள் முறை படச் சுருக்கத்தில் பயன்படும் விதத்தின் சாரம் இதுதான். 1988இல் வந்த எச்.261 என்ற காணொளித் தரம் இதன்மேல் எழுந்தது; இன்றைய முறைகள் பலவும் அதன் வழிவந்தவை. இதோடு, முந்தைய படத்திலிருந்து மாறிய பகுதியை மட்டும் அனுப்புவது என்ற உத்தியும் சேர்ந்தது.

மூன்றுபேர் செய்த இந்த வேலையை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கிறது. ஆனால் அதில் ஆசிரியருக்கு ஓர் எச்சரிக்கையும் உண்டு. இணைப்பு மெலியும்போது முதலில் தள்ளப்படுவது நுண்ணிய விவரம். உதட்டோரத் துடிப்பு, கண்ணில் கோத்த நீர், மூச்சு வாங்கும் தோள் ஆகியவைதான் அந்த விவரம். நேரில் முகத்தைப் பார்த்தே புரிந்துகொள்ளும் ஆசிரியர் திரையில் வாய்விட்டுக் கேட்கப் பழக வேண்டும். “இப்போது எப்படி இருக்கிறது உங்களுக்கு?” என்ற ஒரு கேள்வி, கருவி விழுங்கிய விவரத்தைத் திரும்பக் கொண்டுவரும்.

அடுத்தது பார்வை. மாணவரின் முகம் திரை நடுவில் இருக்கிறது, கேமரா திரையின் மேல் விளிம்பில். ஆசிரியர் முகத்தைப் பார்த்தால், மாணவருக்கு அவர் குனிந்திருப்பதாகத் தெரிகிறது. கேமராவைப் பார்த்தால் மாணவருக்குப் பார்வை கிடைக்கிறது, ஆசிரியருக்கு மாணவர் முகம் தவறிவிடுகிறது. இருவரும் ஒரே நேரத்தில் ஒருவர் கண்ணை ஒருவர் பார்ப்பது இந்த அமைப்பில் நடக்காது.

இதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் மில்டன் சென் 2002இல் வெளியிட்ட ஆய்வில், எதிராளியின் பார்வை பக்கவாட்டிலோ மேலேயோ விலகினால் நாம் உடனே கண்டுபிடிக்கிறோம், சற்றுக் கீழே விலகினால் அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை என்று தெரிந்தது. ஐந்து பாகைக்குள் இருந்தால் நேராகப் பார்ப்பதாகவே எடுத்துக்கொள்கிறோம். 60 சென்டிமீட்டர் தள்ளி உட்கார்ந்தால் ஐந்து பாகை என்பது திரையில் ஐந்து சென்டிமீட்டர், அதாவது ஏறக்குறைய மூன்று விரற்கடை. மாணவர் தெரியும் சட்டத்தைச் சிறிதாக்கி, அவர் கண்கள் கேமராவுக்குக் கீழே அந்த மூன்று விரற்கடைக்குள் வரும்படி நகர்த்தி வைத்தால் போதும். ஒரு மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் இடைவெளி எட்டரை சென்டிமீட்டர் வரை கிடைக்கும். தோளும் கையும் தெரியும். முகத்தை அருகில் வைத்துக்கொள்ளும் சங்கடமும் குறையும். ஸ்டான்ஃபோர்டின் ஜெரமி பெயிலன்சன் 2021இல் வீடியோ கால் களைப்புக்குச் சொன்ன காரணங்களில் இந்த அருகாமை ஒன்று, தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பது இன்னொன்று. தன் படத்தை மறைத்துவைக்கும் வசதி எல்லாச் செயலிகளிலும் இல்லை. இருக்கும் செயலியில் அதைப் பயன்படுத்துவது நல்லது.

மௌனத்தின் கதை இன்னும் நுட்பமானது. கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்குச் சுமார் இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடும். பத்தாயிரம் கிலோமீட்டர் கேபிளைக் கடக்க 50 மில்லி விநாடி. படத்தைச் சுருக்கவும் விரிக்கவும், தாறுமாறாக வரும் பொட்டலங்களை வரிசைப்படுத்தவும் மேலும் நேரம் பிடிக்கும். ஒருவழித் தாமதம் 150 மில்லி விநாடிக்குள் இருப்பது நல்லது என்பது பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. மனிதப் பேச்சோ அவசரமானது: பத்து மொழிகளை ஒப்பிட்ட 2009ஆம் ஆண்டு ஆய்வில், ஒருவர் முடித்து மற்றவர் தொடங்கும் இடைவெளி பெரும்பாலும் கால் விநாடிக்கும் குறைவு. ஆகவே சிறு தாமதமும் நம்மை உறுத்தும். உறுத்தலுக்கு நாம் குறைசொல்வது இணைப்பை அல்ல, ஆளை. தாமதமான அழைப்பில் எதிராளியைக் கவனக்குறைவானவராக மதிப்பிடுகிறார்கள் என்று 2014இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். எத்தனை நல்ல உறவுகள் இந்தக் கால் விநாடியில் கசந்திருக்குமோ!

பேசாத நேரத்தில் செயலி சும்மா இருப்பதுமில்லை. தொடர்ந்து ஒரே மாதிரி ஒலிப்பதை இரைச்சல் என்று எண்ணி அடக்கும். பாட்டு வாத்தியார்கள் தம்புரா ஒலி காணாமல்போவதை நன்றாக அறிவார்கள். சில நேரம் மறுமுனையிலிருந்து ஒலியே வருவதில்லை. கேட்பவர் கருவி மெல்லிய இரைச்சலைத் தானாகவே உண்டாக்கிக்கொள்கிறது. திரையில் மௌனமாக இருக்கப்போகிற ஆசிரியர் அதை முன்கூட்டிச் சொல்லிவிட வேண்டும்: “இரண்டு நிமிடம் பேசாமல் இருப்போம், லைன் போகவில்லை.” ஒலியை மாற்றாமல் அனுப்பும் அமைப்பு இருந்தால் அதைப் போட்டுக்கொண்டு, காதில் ஹெட்போன் மாட்டினால், அறையின் மின்விசிறியும் தெருவின் சத்தமும் மாணவரோடு கூடவே இருக்கும்.

இவ்வளவு குறைகள் இருந்தும் உறவு அமைகிறது என்பதுதான் வியப்பு. காணொளி வழி உளநல ஆலோசனை பெற்றவர்கள், ஆலோசகரோடு ஏற்பட்ட நெருக்கத்தை நேர்ச் சந்திப்புக்கு ஏறக்குறைய இணையாகவே மதிப்பிட்டதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. தயக்கம் அதிகம் இருந்தது ஆலோசகர்கள் பக்கம். 14416 என்ற எண்ணில் இயங்கும் டெலி மானஸ் என்ற உளநல உதவிச் சேவை, 2024 அக்டோபரில் காணொளி ஆலோசனையைத் தொடங்கியபோது முதலில் எடுத்துக்கொண்ட பகுதிகளில் தமிழ்நாடும் ஒன்று.

கடைசியாக ஒரு நடைமுறை. குரலுக்கு 30, 40 கிலோபிட் போதும். படத்துக்கு அதைப்போல் பல மடங்கு வேண்டும். ஆகவே பேச்சு திக்கத் தொடங்கினால் இருவரும் உடனே படத்தை நிறுத்திவிட்டுக் குரலைக் காப்பாற்றிக்கொள்ளலாம். அதுவும் அறுந்துபோனால் யார் திரும்பக் கூப்பிடுவது, எத்தனை நிமிடம் காத்திருப்பது என்பதை முதல் வகுப்பிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.