அடுப்பு ஓகே, விறகு?

போன ஐப்பசியில அப்பத்தா வீட்டுல புகையில்லா அடுப்பு கட்டினோம். ஓட்டுக்கு மேல வரைக்கும் புகைபோக்கி. மெக்கானிக்கல் படிக்கிற பேரனோட டிசைன்! முதல் நாளே வீடு முழுக்கப் புகை. அப்பத்தா இருமிக்கிட்டே, "ஈர வெறக வச்சா எந்த அடுப்புடா எரியும்?"னு கேட்டுச்சு.

பச்சை மரத்தோட எடையில கிட்டத்தட்ட பாதி தண்ணிதான். 1 கிலோ தண்ணி ஆவியாக மட்டுமே சுமார் 2,260 கிலோஜூல் வேணும். சூடெல்லாம் அதுக்கே போனா தீ குளிர்ந்துடும். மரத்துலருந்து வர்ற வாயு முழுசா எரியாம புகையாவும் கார்பன் மோனாக்சைடாவும் மாறும். புகைபோக்கியும் சூடா இருந்தாத்தான் புகையை மேல இழுக்கும்.

எங்க தப்பு என்னன்னா, விறகைத் தரையில போட்டு தார்ப்பாயால சுத்தி மூடினது. மண்ணோட ஈரம் உள்ள ஏறுச்சு, வெளிய போக வழியில்ல.

சரியான முறை இதுதான்:

* பங்குனி, சித்திரையிலயே வெட்டிப் பிளந்துடணும். பட்டையோட முழுக்கட்டை சீக்கிரம் காயாது.
* அடியில செங்கல், மேல தகரம். பக்கவாட்டை மூடக்கூடாது, காத்து போகணும்.
* ஒரு நாள் விறகை எடை போட்டு, மழைக்காலம் 90 நாளால பெருக்குங்க. 3 கிலோன்னா 270 கிலோ.
* ரெண்டு கட்டையைத் தட்டினா 'டங்'னு கேக்கணும். 'தொப்'னா இன்னும் ஈரம்.

இந்த வருஷம் அடுப்பை மாத்தல. சீமைக்கருவேல விறகை சித்திரையிலயே அடுக்கிட்டோம். இப்போ மழையிலயும் அப்பத்தா இருமாம சமைக்குது.