தேரும் திரையும்: மோட்டார் ஓட்ட விளையாட்டின் ஈர்ப்பு

விரைவின்பால் மனிதனுக்குள்ள வேட்கை இன்று நேற்றுத் தோன்றியதன்று. வினைமுடித்து மீளுந் தலைவன் பாகனை விளித்துத் தேரை விரைந்து செலுத்துமாறு வேண்டுதல், சங்க இலக்கியத்து முல்லைப் பாடல்களிற் பயின்றுவரும் பொருளாகும். யாழ்ப்பாணத்தும் வன்னியிலும் மாட்டுவண்டிச் சவாரி காணத் திரளும் மக்களும் அவ்வேட்கையுடையோரே. நிலாவெளி, இறக்கக்கண்டி, குச்சவெளி முதலிய நம் கரையோரக் கிராமங்களிலே, கைப்பேசித் திரையில் மோட்டார் வண்டியோட்டி மகிழும் மாணவரிடத்தும் அதனையே காண்கின்றோம். இதனைக் கண்டு வெகுள்வோர் பலர். காரணத்தை ஆராய்வோர் சிலர். அவ்வீர்ப்பின் இயல்பை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்விளையாட்டு முதலிற் பொதுவிடங்களில் வைக்கப்பட்ட, நாணயமிட்டு ஆடும் பொறிகளில் வளர்ந்தது. அமெரிக்காவின் அட்டாரி நிறுவனம் 1974 இல் வெளியிட்ட ‘கிரான் ட்ராக் 10’ என்னும் பொறியிற் சுக்கானும் மிதிகளும் கியர்க்கோலும் அமைந்திருந்தன. 1982 இல் யப்பானிய நாம்கோ நிறுவனத்தின் ‘போல் பொசிஷன்’, வண்டியின் பின்னிருந்து பாதையை நோக்கும் காட்சியைப் பரவச் செய்தது. 1986 இல் சேகா நிறுவனத்துக்காக யூ சுசுக்கி என்பார் ஆக்கிய ‘அவுட் ரன்’ இவ்வகையின் தலைசிறந்த படைப்புக்களுள் ஒன்று. 2004 இல் தொடங்கிய ‘அஸ்பால்ட்’ வரிசை அம்மரபைக் கைப்பேசிக்குக் கொணர்ந்தது.

நாணயப் பொறியிற் பிறந்தமையே இதன் குணங்களுக்கு மூலம் எனலாம். காசிட்டவன் நூல் படித்துப் பயின்றபின் ஆடுவானல்லன், கண்டவுடன் விளங்கவேண்டும். ஆட்டமும் சில நிமிடங்களில் முடிதல்வேண்டும். ஆதலால் நேரம் வரையறுக்கப்பட்டது. குறித்த எல்லையைக் கடந்தாற் சில விநாடிகள் கூடும். கடவாவிடின் ஆட்டம் முடியும். எல்லைக்கோடு கண்ணிற்பட, எஞ்சிய விநாடிகள் ஒவ்வொன்றாய்க் குறையும் அவ்வேளையில் எழும் பரபரப்பே ஆடுவோனை மீண்டும் அழைப்பது.

இனி, வேகம் எவ்வாறு தோற்றுவிக்கப்படுகின்றது எனின், அது கண்ணை மயக்கும் கலையாகும். ‘அவுட் ரன்’ விளையாட்டில் வண்டியின் உருவம் திரையின் கீழ்ப்பகுதியிலேயே பெரும்பாலும் நிற்கும். சாலையோர மரங்களும் பலகைகளும் சிறு புள்ளிகளாய்த் தோன்றி, கணந்தோறும் பெருத்து, இருமருங்கும் விலகி மறையும். ஓடும் பேருந்தின் முன்னிருக்கையிலிருந்து நோக்குவார்க்கும் காட்சி இவ்வாறே விரிதலின், நிலையாய் அமர்ந்திருப்பவனுடைய மூளை தான் விரைவதாகக் கொள்கின்றது.

மற்றொரு காரணம், இவ்விளையாட்டு இயற்கை விதிகளைத் தளர்த்திக் கொள்வதாகும். 1997 இல் வெளிவந்த ‘கிரான் டுரிஸ்மோ’ போல்வன, மெய்யான வண்டியின் எடையையும் சில்லின் பிடிப்பையும் இயன்றவரை ஒத்து நடக்க முயல்வன. நாணயப் பொறி மரபிலோ வளைவிற் சறுக்கிச் செல்லுதல் பிழையாகாது திறமையாகின்றது. ‘அவுட் ரன்’ வண்டி கவிழ்ந்து புரண்டாலும் சிறிது நேரத்தில் மீண்டும் ஓடும். இழப்பது சில விநாடிகளே.

அதிற் சுதந்திரமும் உண்டு. ஒரு பயணத்திற் கடக்கவேண்டிய கட்டங்கள் ஐந்து. ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் பாதை இரண்டாய்ப் பிரியுமாதலின், ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என விரிந்து மொத்தம் 15 கட்டங்களாகின்றன. நான்கு பிரிவுகளில் இவ்விரண்டு தெரிவு உண்மையால் வழிகள் 16. கணித ஆசிரியர் வகுப்பிற் காட்டத்தக்க எடுத்துக்காட்டு இது.

ஆசிரியராகிய நாம் ஈண்டுச் சிந்திக்கவேண்டியது ஒன்றுண்டு. பகலில் உழைத்து இரவிற் படித்து வெளிவாரிப் பட்டம் பெற்றோர், பரீட்சை முடிவுக்காக நெடுநாட் காத்திருக்கும் துன்பத்தை நன்கறிவர். விளையாட்டோ செய்த தவற்றை அக்கணமே உணர்த்தி, இகழாது, மறுபடியும் முயல இடமளிக்கின்றது. நேற்றைய நேரத்தினும் இன்றைய நேரம் குறைந்தமையை மாணவன் தானே காண்கின்றான். வகுப்பிற் பின்வாங்கும் சிறுவன் இங்கே நூறுமுறை தோற்றும் சோராமைக்குக் காரணம் இதுவே. அவன் சோம்பேறி அல்லன். தோல்வி அவமானமாகாத இடத்தை நாடுகின்றான். பயிற்சித் தாளை அன்றே திருத்திக் கொடுத்து, மறுமுறை எழுதவிடும் ஆசிரியர் அவ்விடத்தை வகுப்பறையிலும் அமைத்துக் கொடுக்கலாம்.

ஆயினும் திரை பொறுக்கும் பிழையைச் சாலை பொறாது. இறக்கக்கண்டிப் பாலத்தைக் கடந்து புல்மோட்டை நோக்கிச் செல்லும் வீதியில் மாடுகள் குறுக்கிடும். மீன் வியாபாரிகளும் பள்ளிப் பிள்ளைகளும் துவிச்சக்கர வண்டியிற் செல்வர். மோட்டார் சைக்கிளின் வேகம் இருமடங்காயின் அதன் இயக்கசக்தி நான்மடங்காகும். தடுத்து நிறுத்தற்கு வேண்டிய தூரமும் ஏறக்குறைய நான்மடங்காகும். இவ்விதியை எந்த விளையாட்டும் தளர்த்தினும் வீதி தளர்த்தாது. கவிழ்ந்தவன் மீண்டெழுந்து ஓடுவான் என்னும் உறுதியும் ஆங்கில்லை.

ஆதலின், கைப்பேசியைப் பறித்தெறிதல் மட்டும் போதாது. மாணவன் விரும்பும் விளையாட்டையே முன்வைத்து, எவ்விதிகள் அதில் மெய், எவை புனைவு என வினவுவோமாக. அவ்வினாவுக்கு விடைகாணும் மாணவன் பௌதிகத்தையும் கற்பான். வீதியில் இறங்கும்போது தன்னுயிரையும் பிறருயிரையும் பேணவும் அறிவான்.