கோணலாக ஓடும் குட்டி லாரி!

கம்பி இல்லை, கயிறு இல்லை. கையில் ஒரு பெட்டி. தூரத்தில் ஓடுகிறது பொம்மை லாரி! 1898-ம் ஆண்டிலேயே நிக்கோலா டெஸ்லா நியூயார்க்கில் ஒரு சிறு படகை இப்படி ரேடியோ அலையால் ஓட்டிக் காட்டினார்.

லாரி ஒரு பக்கமாக இழுக்கிறதா? உடனே பெட்டியில் உள்ள 'டிரிம்' குமிழைத் திருகாதீர்கள்! பலர் செய்யும் தவறு இதுதான். ஒரு பக்கம் நன்றாகத் திரும்பும் லாரி, மறுபக்கம் திரும்பாமல் முரண்டு பிடிக்கும்.

குமிழை நடுவில் வையுங்கள். சக்கரங்கள் தரையில் படாதபடி லாரியைக் கட்டை மேல் தூக்கி வைத்து, மின்சாரம் கொடுங்கள். முன் சக்கரங்களைத் திருப்பும் சிறு மோட்டாருக்கு 'சர்வோ' என்று பெயர். வினாடியை ஆயிரம் பங்காக்கினால், அதில் ஒன்றரைப் பங்கு நேரம் நீளும் மின்துடிப்பு வந்தால் அது நடுவில் நிற்கும். ஒரு பங்கு என்றால் ஒரு பக்கம். இரண்டு பங்கு என்றால் மறுபக்கம். என்ன நுட்பம்!

சர்வோ நடுவில் நின்றதும் அதன் கையைக் கழற்றி, நேராக மாட்டுங்கள். பிறகு இருபுறத்து இணைப்புக் கம்பிகளைத் திருகிச் சக்கரங்களை நேராக்குங்கள். மிச்சமுள்ள மயிரிழைக் கோணலுக்குத்தான் டிரிம்.

ஓட்டும்போது முதலில் பெட்டியைப் போடுங்கள், பிறகு லாரியை. நிறுத்தும்போது முதலில் லாரி, கடைசியில் பெட்டி. மாற்றிச் செய்தால், கட்டளை கிடைக்காத லாரி தறிகெட்டுப் பாயக்கூடும். எதிரே நிற்பது உங்கள் குழந்தையாக இருக்கலாம்!