போன் தொலைந்தால் போட்டோவும் போச்சு! லாரி டிரைவர்களே உஷார்

சங்ககிரி:
லாரி தொழிலுக்கு பேர்போன ஊர் சங்ககிரி. லோடு ஏற்றிக்கொண்டு வடமாநிலம் போகும் டிரைவர்கள் வீடு திரும்ப பல நாள் ஆகும். அதுவரை மனைவி, பிள்ளைகள் முகம் பார்ப்பது செல்போனில்தான். அந்த போன் தொலைந்தாலோ, தண்ணீரில் விழுந்தாலோ அத்தனை படமும் காலி.

மெமரி கார்டு, பென் டிரைவ் இருக்கே என்கிறீர்களா? கம்ப்யூட்டரில் செருகாமல் வருஷக்கணக்கில் பீரோவில் கிடந்தால் அதில் உள்ள படங்களும் அழிய வாய்ப்பு உண்டு. கல்யாண சி.டி.யையும் சீக்கிரம் மாற்றுங்கள். அதை போட்டுப் பார்க்க பிளேயர் கிடைப்பதே அரிதாகி விட்டது.

கூகுளில் ஏற்றியாச்சு என்றும் அசந்துவிடக் கூடாது. 2021 ஜூன் 1-ந் தேதியோடு போட்டோவுக்கு அளவில்லா இலவச இடம் நின்றுவிட்டது. 2 வருஷம் தொடாத கணக்கை நீக்குவோம் என 2023-ல் அந்த நிறுவனம் அறிவித்தது.

என்னதான் செய்யணும்?

* போனில் ஒன்று, வீட்டு ஹார்டு டிஸ்கில் ஒன்று, இன்டர்நெட்டில் ஒன்று என 3 இடத்தில் படம் இருக்கணும்.

* ஆயுத பூஜைக்கு லாரியை கழுவும்போது, வருஷம் தவறாமல் இவற்றையும் திறந்து பாருங்கள்.

* பாஸ்வேர்டு வீட்டிலும் ஒருத்தருக்கு தெரியட்டும்.

* ஆர்.சி., லைசென்சை வெறும் போட்டோ எடுத்து வைத்தால் போதாது. மத்திய அரசு 2015-ல் தொடங்கிய டிஜிலாக்கரில் சேருங்கள். அதில் காட்டினால் ஒரிஜினலுக்கு சமம் என 2018-ல் மத்திய அரசு அறிவித்துள்ளது.