முதியோர் சுவாசமும் வாயின் சுத்தமும்

படுத்த படுக்கையாகிவிட்ட ஒரு முதியவருக்கு நிமோனியா கண்டுவிட்டால் பனியையும் குளிர்ந்த நீரையும் குற்றம் சொல்வதே நம்மில் பலருக்கு வழக்கமாக இருந்துவருகிறது. ஆனால் அந்த வியாதியின் வித்து பல சமயங்களில் அவருடைய வாய்க்குள்ளேயே, துலக்கப்படாத பற்களிலும் நாவில் படிந்த வெண்மாசிலும் ஊறிக் கிடக்கிறது என்பதை, ரோகியைப் பராமரிக்கும் ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருக்க வேண்டும்.

ஒரு கவளம் தொண்டையைக் கடக்கும் ஏறக்குறைய ஒரு விநாடிக்குள் சரீரம் செய்து முடிக்கும் காரியங்கள் ஆச்சரியமானவை. மூச்சு நின்று, குரல்வளை மேலெழும்பி, அதன் மூடி கவிழ்ந்து, குரல் நாண்கள் நெருங்கிக் காற்றின் வழியை அடைத்துக்கொள்ள, உணவு பின்புறத்துக் குழலில் இறங்குகிறது. தப்பித் தவறி ஒரு பருக்கை மூச்சுக்குழலைத் தொட்டுவிட்டால் புரையேறுகிறது. யாரோ நினைக்கிறார்கள் என்று சொல்லி நாம் உச்சந்தலையைத் தட்டுகிறோமே, அந்த இருமல்தான் உயிரைக் காக்கிறது. பக்கவாதத்தாலோ நடுக்குவாதத்தாலோ மறதி நோயாலோ நரம்புகள் தளர்ந்தவருக்கு அந்த இருமலே எழாமற் போவதுண்டு. உமிழ்நீர் ஓசையின்றி உள்ளே இறங்குகிறது. வலப்புறத்துக் கிளைக்குழல் அகலமாகவும் செங்குத்தாகவும் இருப்பதால் அது பெரும்பாலும் வலது நுரையீரலையே சென்று சேர்கிறது. ஜுரம்கூட இல்லாமல், திடீரென்று தோன்றும் பிதற்றலும் அன்னத்தில் வெறுப்புமே சிலரிடம் முதல் அடையாளங்களாக இருக்கும்.

திடகாத்திரமான இளைஞர்களும் ஆழ்ந்த உறக்கத்தில் சிறிதளவு உமிழ்நீரை உள்ளிழுக்கிறார்கள். அவர்களுக்குத் தீங்கு நேர்வதில்லை. ஆகவே, உள்ளே இறங்குகிறதா என்பதோடு, இறங்குவது எத்தனை கிருமிகளைச் சுமந்து செல்கிறது என்பதும் முக்கியமான கேள்வியாகிறது. அமெரிக்காவில் சூசன் லாங்மோரும் அவரைச் சேர்ந்தவர்களும் 189 முதியவர்களைத் தொடர்ந்து கவனித்து 1998-இல் வெளியிட்ட ஆய்வில், விழுங்குவதில் உள்ள கோளாறு மட்டுமே இந்நோயை உண்டாக்கப் போதாது என்றும், பிறர் ஊட்டி உண்பது, வாயைச் சுத்தம் செய்யப் பிறரை நம்பியிருப்பது, சொத்தைப் பற்களின் எண்ணிக்கை ஆகியவை வலுவான முன்னறிகுறிகள் என்றும் தெரியவந்தது.

அப்படியானால் வாயைச் சுத்தமாக வைத்தால் நோய் குறையுமா என்ற கேள்விக்கு ஜப்பானில் யோனேயாமா குழுவினர் செய்த பரீட்சை தெளிவான விடையளித்தது. 11 முதியோர் பராமரிப்பு இல்லங்களில் இருந்தவர்களை இரு வகுப்பாகப் பிரித்து, ஒரு வகுப்பாருக்கு மட்டும் ஒவ்வொரு வேளை உணவுக்குப் பின்னும் பணியாளர்களே பல்துலக்கியால் வாயைச் சுத்தம் செய்யவும், வாரம் ஒருமுறை பல் வைத்தியரோ அவருடைய உதவியாளரோ கவனிக்கவும் ஏற்பாடு செய்தார்கள். 2 ஆண்டுகளில், இந்தக் கவனிப்பு இல்லாதவர்களில் 100-க்கு 19 பேருக்கு நிமோனியா வந்தது. கவனிப்புப் பெற்றவர்களில் 11 பேருக்கே வந்தது. பல் ஒன்றுகூட இல்லாதவர்களுக்கும் பலன் கிட்டியது என்பதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பல் போனபின் துலக்குவதற்கு என்ன இருக்கிறது என்ற எண்ணத்தால் எத்தனையோ வாய்கள் கவனிப்பாரற்றுக் கிடக்கின்றன.

நோய் முற்றியபின் வருவது வென்டிலேட்டர் யந்திரம். 1952-இல் கோபன்ஹேகனில் போலியோ பரவியபோது, ப்யோர்ன் இப்சன் என்ற மயக்க மருந்து நிபுணர் தொண்டையில் துளையிட்டுக் குழாய் பொருத்தும்படி செய்ய, வைத்திய மாணவர்கள் முறை வைத்து இரவும் பகலும் கையால் பையை அழுத்திப் பிராணவாயு செலுத்தி ரோகிகளைப் பிழைக்கவைத்தார்கள். அந்த மகத்தான சேவையிலிருந்து விருத்தியடைந்த முறையே, யந்திரத்தை விட்டு மீள முடியாத முதியவருக்கு இன்று தொண்டையில் துளையிட்டு நெடுநாள் மூச்சளிக்கிறது. எனினும் குழாயைச் சுற்றியுள்ள சிறு பலூனின் மேல் தேங்கும் எச்சில், அதன் மடிப்புகளின் ஊடே கசிந்து உள்ளே இறங்குவதால் நிமோனியா மீண்டும் வருகிறது. யந்திரமே முழுதும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தால் உதரவிதானத்தின் தசைநார்கள் மூன்று நாட்களுக்குள்ளாகவே மெலியத் தொடங்கிவிடுகின்றன. மூக்கின் வழியே விடும் உணவுக் குழாயும் எச்சில் இறங்குவதைத் தடுப்பதில்லை. மறதி நோய் முற்றியவர்களுக்குக் குழாயைவிடப் பொறுமையாகக் கையால் ஊட்டுவதே நல்லதென்று அமெரிக்க முதியோர் வைத்திய சங்கம் கூறுகிறது. இவற்றையெல்லாம், துளையிடச் சம்மதக் கையெழுத்துக் கேட்கும்போதே, குடும்பத்தாருக்கு நிதானமாக எடுத்துச் சொல்வது வைத்தியரின் கடமை.

வீட்டில் செய்யத்தக்கவை எளியவை. நிமிர்த்தி உட்காரவைத்துச் சிறு கவளங்களாக ஊட்டி, உண்டபின்னும் சற்று நேரம் அவ்வாறே இருக்கச் செய்யலாம். நினைவு குன்றியவரின் வாயில் நீரை ஊற்றாமல், ஒருக்களித்துப் படுக்கவைத்து ஈரத்துணியாலும் மென்மையான துலக்கியாலும் துடைத்தெடுக்கலாம். டோக்கியோவில் 85 வயதைக் கடந்த 524 பேரை 3 ஆண்டுகள் கவனித்ததில், செயற்கைப் பல்செட்டைக் கழற்றாமலே உறங்குபவர்களுக்கு நிமோனியா அபாயம் இரு மடங்குக்கு மேல் இருந்தது. ஆகவே இரவில் அதைக் கழற்றித் துலக்கி நீரில் இட்டுவைக்கும் வேலையையும், மாத்திரை கொடுக்கும் அட்டவணையிலேயே ஒரு வரியாக எழுதிவைப்பது நல்லது.