கண் மங்கும் முன்னே

காஞ்சிப் பட்டில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டும் சேருமிடத்தில் ஊடை இழைகளை ஒன்றோடொன்று கோத்து நெய்வதுதான் கோர்வை. மூன்று நாடா ஓடும் அந்த வேலையில் ஓர் இழை தப்பினாலும், சேலையை விரித்துப் பார்க்கிறவர் கண்ணில் பட்டுவிடும். முசரவாக்கம் உள்ளிட்ட காஞ்சிபுரம் வட்டாரத்து ஊர்களில் தறியை நம்பியிருப்பவருக்கு நாற்பதை ஒட்டி வெள்ளெழுத்து வருகிறது. வயது ஏற ஏறப் புரை, சர்க்கரை இருந்தால் விழித்திரைக் கோளாறு என்று அடுத்தடுத்துக் காத்திருக்கின்றன. பார்வை இனி குறைந்துகொண்டே போகும் என்று டாக்டர் சொல்லும்போது ஓவியரும் நெசவாளரும் ஒரே மாதிரிதான் எண்ணுகிறார்கள்: தொழில் போயிற்று. இந்த எண்ணத்தில் பாதிதான் சரி. அந்தச் செய்தி வந்த நாளுக்கும் பார்வை உண்மையிலேயே போகும் நாளுக்கும் நடுவில் பெரும்பாலும் சில ஆண்டுகள் கிடைக்கின்றன. அந்த இடைக்காலத்தில் என்ன செய்தார், சுற்றியிருந்தவர்கள் என்ன செய்தார்கள் என்பதைப் பொறுத்தே ஒரு கலைஞரின் மிச்ச வாழ்க்கை அமைகிறது.

இதற்கு நம் நாட்டில் மிகத் தெளிவான சான்று சாந்திநிகேதனின் வினோத் பிஹாரி முகர்ஜி. 1904-ல் கல்கத்தாவை அடுத்த பெஹாலாவில் பிறந்தவர். ஒரு கண்ணில் பார்வையே இல்லை. மற்றதில் கடுமையான கிட்டப்பார்வை. இப்படிப்பட்ட ஒருவர் 1919-ல் சாந்திநிகேதனின் ஓவியப் பள்ளியான கலாபவனத்தின் முதல் மாணவர்களுள் ஒருவராக நந்தலால் போஸிடம் ஓவியம் கற்கச் சேர்ந்ததே விசித்திரம்தான். பிறகு அங்கேயே ஆசிரியரானார். 1940-களின் தொடக்கத்தில் அவரிடம் படித்தவர்களில் சத்யஜித் ராயும் உண்டு. 1957 வாக்கில், புரைக்குச் செய்த அறுவை சிகிச்சை தோல்வியடைந்து, இருந்த ஒரு கண்ணின் பார்வையும் போயிற்று. அப்போது அவருக்கு ஐம்பதைக் கடந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. 1980-ல் இறக்கும்வரை அவர் வேலையை நிறுத்தவில்லை.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் வழக்கமாக, புறக்கண் மூடியதும் அகக்கண் திறந்தது என்று முடித்துவிடுவார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நடந்தது அதுவல்ல. அவர் பார்வையோடு இருந்த காலத்தின் பெரிய வேலையைப் பார்த்தால் இது விளங்கும். 1946-47-ல் சாந்திநிகேதன் இந்தி பவனத்தின் சுவர்களில் இடைக்காலத்துப் பக்தர்களின் வாழ்க்கையைத் தீட்டினார். கபீர், துளசிதாசர், பார்வையற்ற சூர்தாசர் ஆகியோருடன் நம் ஸ்ரீபெரும்புதூரில் பிறந்து காஞ்சியில் பயின்ற இராமானுஜரும் அதில் இருக்கிறார். ஈரச் சாந்தின் மேல் தீட்டும் முறை அது. சாந்து காய்வதற்குள் அன்றன்றைய பகுதியை முடித்தாக வேண்டும். காய்ந்த பிறகு திருத்த வழியில்லை. பல சுவர்களில் நீளும் அந்த ஓவியத்துக்கு முழு அளவு மாதிரி வரைந்து சுவரில் படியெடுக்கும் வழக்கத்தை அவர் கைக்கொள்ளவில்லை. அவருடைய கிட்டப்பார்வைக்குக் கைக்கெட்டும் தூரம் மட்டும்தான் தெளிவாகத் தெரியும். மனத்தில் முழு ஓவியத்தையும் வைத்துக்கொண்டு கண்ணுக்கு முன்னிருந்த சாண் அகலத்தில் வேலை செய்தார் என்றே இதைப் புரிந்துகொள்ள முடிகிறது. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துவிட்டு அங்கே ஓவியம் கற்கப் போன கே.ஜி. சுப்ரமணியன் அப்போது அவருக்கு உதவியாக இருந்தார். ஆசிரியரின் 'சித்ரகர்' நூலைப் பின்னாளில் ஆங்கிலத்தில் தந்தவரும் அவரே. ஆக, பார்வை அடியோடு போவதற்குப் பத்து ஆண்டு முன்பே அந்தக் கலைஞர் தன் வேலையின் பெரும்பகுதியைக் கண்ணிடமிருந்து கைக்கும் நினைவுக்கும் மாற்றி வைத்திருந்தார். திடீரென்று திறந்தது எதுவும் இல்லை. ஏறத்தாழ நாற்பது ஆண்டுப் பயிற்சி கைகொடுத்தது.

பார்வை போன பிறகு எண்ணெய்ச் சாயத்தையோ நுட்பமான நிறக்கலவையையோ கட்டிக்கொண்டு அவர் அழவில்லை. காகிதத்தை வெட்டி ஒட்டினார்; விளிம்பை விரல் அறியும். கோடாக வரைந்தார். சிறு சிற்பங்களை வடித்தார். 1972-ல் கலாபவனத்தில் பீங்கான் ஓடுகளால் ஒரு சுவரோவியமே எழுப்பினார். அதே ஆண்டு ராய் தன் ஆசிரியரைப் பற்றி எடுத்த இருபது நிமிட ஆவணப்படத்தில் அந்த வேலை நடப்பதைக் காணலாம். இரக்கத்தால்தான் இவற்றைப் புகழ்கிறோம் என்று யாரேனும் சொன்னால், அந்தக் காகித வெட்டுகளைப் பெயர் சொல்லாமல் காட்டிக் கேட்கலாம். அவற்றின் உருவங்களில் இருக்கும் துணிச்சலும் சிக்கனமும் பார்த்தவுடனே தெரிகின்றன. அனுதாபம் அவற்றுக்குத் தேவைப்படவில்லை.

பார்வை அவ்வளவு முக்கியமில்லை என்று இதிலிருந்து முடிவு கட்டினால் தவறு. பிரெஞ்சு ஓவியர் குளோத் மொனேக்கு 1912-ல் புரை என்று தெரிந்தது. கத்திக்குப் பயந்து பத்து ஆண்டுக்கு மேல் தள்ளிப்போட்டார். புரை முற்ற முற்ற நீலம் மங்கி எல்லாம் பழுப்பேறியது. சாயக்குழாயின் மேலிருந்த பெயரையும் தட்டில் நிறம் வைக்கும் வரிசையையும் நம்பிக் காலம் ஓட்டினார். மனம் ஒப்பாத ஓவியங்களைத் தானே அழித்தார். 1923-ல் வலக்கண்ணில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு, கண்ணாடிகளோடு பல மாதம் மல்லுக்கட்டிய பிறகே அல்லி ஓவியங்களை முடிக்க முடிந்தது. நிறமே உயிராக இருந்த அவருக்கு ஈடு செய்ய வேறு புலன் கிடையாது. வடிவத்தை விரலால் அறியலாம். அரக்குக்கும் மாந்தளிருக்கும் உள்ள வேறுபாட்டை எந்த விரலும் சொல்லாது. எனவே காப்பாற்றக்கூடிய பார்வையைக் காப்பாற்றுவதுதான் முதல் வேலை. மாற்று வழி அதற்குப் பிறகு.

இன்னொரு மறுப்பு இதைவிட வலுவானது. முகர்ஜி மேதை, அவருக்கு ஒரு கலாபவனம் இருந்தது. கூலிக்கு நெய்பவருக்கு என்ன இருக்கிறது? இந்தக் கேள்வியை ஒதுக்க முடியாது. பார்வை இழந்து திரும்பியவரைச் சாந்திநிகேதன் மீண்டும் ஆசிரியராக ஏற்றுக்கொண்டது. கலை வரலாறு கற்பிக்கச் சொன்னது. சம்பளமும் மாணவர்களும் இருந்ததால்தான் அவருடைய மனவலிமை வேலையாக மாறியது. அவர் மேதையாக இல்லாமலிருந்தாலும் அந்த ஏற்பாடு பயன்பட்டிருக்கும் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். காஞ்சிபுரத்துத் தறியிலும் கண்ணைவிடக் கையும் காதும் அதிகம் அறிந்த வேலைகள் உண்டு. மிதியின் ஓசை மாறினால் அனுபவசாலிக்குப் பழுது தெரிந்துவிடும். பாவின் இறுக்கத்தை உள்ளங்கை சொல்லும். கோர்வையில் ஊடை எந்த இடத்தில் நழுவும், எந்தக் கரைக்கு எந்த உடல் எடுக்கும் என்பதெல்லாம் முப்பது வருடம் நெய்தவருடைய தலைக்குள் இருக்கிறது. பார்வை மங்கியதும் அவரைத் தறியிலிருந்து இறக்கி வீட்டுத் திண்ணையில் உட்கார்த்தினால், அந்த அறிவும் அவரோடு உட்கார்ந்துவிடும். நஷ்டம் அவர் குடும்பத்துக்கு மட்டுமல்ல.

அதற்கும் முன்னால் எளிய வேலைகள் இருக்கின்றன. அசாம் தேயிலைத் தோட்டங்களில் நாற்பதைக் கடந்த தொழிலாளர்களுக்கு வெள்ளெழுத்துக் கண்ணாடி கொடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2018-ல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வந்தது. கண்ணாடி கிடைத்தவர்களின் உற்பத்தி, கிடைக்காதவர்களைவிடச் சுமார் 22 சதவீதம் கூடியிருந்தது. இலை பறிப்பதற்கே இப்படி என்றால் ஜரிகை இழைக்குச் சொல்ல வேண்டியதில்லை. புரை அறுவை சிகிச்சையும் முகர்ஜி காலத்துச் சூதாட்டமாக இன்று இல்லை. 1976-ல் மதுரையில் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையும், அதன் சார்பில் 1992-ல் வந்த ஆரோலேப் லென்ஸ் தயாரிப்பும் ஏழைகளுக்கும் அதை எட்டச் செய்தன. முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன நிலையிலும் அதற்கேற்பக் கையைப் பழக்கிக்கொண்டு ஆயிரக்கணக்கான கண்களுக்கு அறுவை செய்தவர் வெங்கடசாமி என்பதும் இந்தக் கட்டுரையின் பொருளுக்கு அந்நியமானதல்ல.

ஆனால் எல்லாக் கண்நோயும் புரை இல்லை. கண் அழுத்த நோயில் இழந்த பார்வை திரும்பாது. தொடக்கத்தில் வலியும் இராது, அடையாளமும் தெரியாது. சர்க்கரையால் விழித்திரை கெடுவதும் பெரும்பாலும் அப்படியே. இவற்றில் முன்கூட்டியே தெரிந்துகொள்வது ஒன்றுதான் இடைக்காலத்தை நீட்டித் தரும். நாற்பது கடந்த நெசவாளரும் ஓவியரும் தையற்காரரும், கண் நன்றாகத் தெரிகிறது என்ற நிலையிலேயே, கண்ணின் அழுத்தத்தையும் விழித்திரையையும் சேர்த்துப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். கூட்டுறவுச் சங்கங்கள் ஆண்டுக்கு ஒருமுறை இதை உறுப்பினர் அனைவருக்கும் செய்யலாம். பார்வை குறையும் என்று தெரிந்தவர்களுக்கு அன்றிலிருந்தே தறியோடு பயிற்றுநர் வேலையும் கொடுத்து, அதற்குக் கூலியும் நிர்ணயிக்க வேண்டும்.